ஏசிக் குமிழின் சிவப்புப் பக்கம்

ஐப்பசி பிறந்தாலும் பிறந்தது, நம்ம ஸ்டாண்டு குரூப்பில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. "அண்ணே, வண்டிக் கண்ணாடி உள்பக்கமா மூடுது. தொடைச்சா திரும்ப மூடுது. என்ன செய்ய?" கேட்பது ஒருத்தர், பதில் சொல்ல ஊரே வருகிறது. ஷாம்பு தேய்க்கச் சொல்கிறார் ஒருவர். உருளைக்கிழங்கை வெட்டித் தேய் என்கிறார் அடுத்தவர். பல் விளக்குகிற பேஸ்ட்டைப் பூசச் சொன்னவரும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்த தம்பி ஒருவர், வண்டி இப்போது பாதி சலூனாகவும் பாதி சமையல்கட்டாகவும் மணக்கிறது என்று எழுதியிருந்தார். கண்ணாடி மட்டும் தெளியவில்லையாம்.

நான் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டவன். இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனிமேல் தொலைதூரம் ஓட்டினால் நீங்கள் இறங்கினாலும் உங்கள் இடுப்பு இறங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது காரைக்குடி ஸ்டாண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் சவாரி பிடித்து, உங்களைத் திசைக்கு ஒருத்தராக விரட்டுகிற உத்தியோகம். குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறீர்கள். அதில் நான் அணில் மாதிரிக் கீச்சிடுகிறேன் என்று சிரிப்பு வேறு. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள். சிரிக்க வேண்டிய இடங்களில் நானே மாட்டிக்கொண்டு நிற்பேன், தேட வேண்டியதில்லை.

முதலில் நான் இந்த விஷயத்தை எப்படித் தலைகீழாகப் படித்து வைத்திருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வண்டி பழக்கியவர் நம் ஸ்டாண்டில் மூத்த டிரைவர். பேர் வேண்டாம், அவர் மகன் சண்டைக்கு வருவான். மனிதர் பேசுவது குறைவு, மண்டையில் தட்டுவது அதிகம். ஒரு சித்திரை மாத விடியலில் கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருக்கோஷ்டியூர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உள்ளே ஏசி ஜில்லென்று ஓடுகிறது. வெளியே புழுக்கம். திடீரென்று முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. நான் கையால் துடைத்தேன், துணியால் துடைத்தேன், சட்டைக் கையை இழுத்துவிட்டுத் துடைத்தேன். வெள்ளை அப்படியே இருக்கிறது. மண்டையில் ஒரு தட்டு விழுந்தது.

"வெளிப்பக்கம் மூடியிருக்கிறத உள்பக்கம் தொடைக்கிறயேடா. ஏசிய அணை. வைப்பரைப் போடு."

செய்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

அன்றிலிருந்து அது எனக்கு வேதவாக்கு. கண்ணாடி மூடினால் ஏசியை அணை, வைப்பரைப் போடு. நம்ம வெயில் ஊரில் அது வருஷக்கணக்கில் பலித்தது. ஒரு வித்தை பலித்துக்கொண்டே இருந்தால், அது ஏன் பலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி ஒரு அடைமழை நாளில், வண்டி நிறைய ஆட்களோடு, என்னைத் தேடி வந்தது.

திருப்பத்தூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குச் சவாரி. போகிறவன் பெயர் சாகுல். வளைகுடாவில் வேலை. லீவில் வந்த இடத்தில் அவன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, லீவை நீட்டி, மறுபடி நீட்டி, கடைசி முனைக்கு வந்துவிட்டான். அன்று சாயங்கால விமானத்தில் ஏறி அந்த நாட்டுக்குள் கால் வைத்தால் விசா உயிரோடு இருக்கும். தவறவிட்டால் விசா போச்சு, அதோடு வேலையும் போச்சு. இதை சாகுல் என்னிடம் சொல்லவில்லை. அவனுடைய தாய்மாமன் சொன்னார். அவரை நான் பாய் என்றுதான் கூப்பிட்டேன். வண்டிக் கதவைத் திறப்பதற்கு முன்பே முழு விவரத்தையும் சொல்லி முடித்து, "அதனால பாத்து ஓட்டுங்க தம்பி, ஆனா வெரசா ஓட்டுங்க" என்றார். இந்த இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லாத பயணி இன்னும் பிறக்கவில்லை.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை வழியனுப்புவதென்றால் நம்ம பக்கத்தில் வாசலோடு நிற்கிற வழக்கம் கிடையாது. ஏர்போர்ட் வாசல் வரைக்கும் குடும்பமே போகும். வண்டியோ ஏழு பேர் வண்டி. அதில் சாகுல், அவன் மனைவி மும்தாஜ், அம்மா, மாமா, அதற்கு மேல் கொழுந்தியாள், அவள் பிள்ளைகள், பிள்ளைகளின் மடியில் பிள்ளைகள். நான் எண்ணவில்லை. எண்ணினால் சட்டம் பேச வேண்டியிருக்கும். எல்லாரும் மழையில் நனைந்து ஏறினார்கள். சொட்டச் சொட்டக் குடைகள். ஏர்போர்ட்டில் உட்கார்ந்து சாப்பிட, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு சட்டி நெய்ச்சோறு. அது பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆள் மாதிரியே உட்கார்ந்துகொண்டது. கிளம்பும்போதே அழுகை ஆரம்பித்துவிட்டது. அதில் வயது வித்தியாசம் இல்லை.

நான் ஏசியைப் போட்டேன்.

"தம்பி, ஏசி வேணாம்ப்பா" என்றார் சாகுலின் அம்மா. "எனக்கு இளைப்பு. குளிர் பட்டா நெஞ்சு அடைச்சுக்கிரும்."

"அக்காவுக்கு ஏசி ஒத்துக்காது" என்று முன்சீட்டிலிருந்து பாய் முத்திரை குத்தினார்.

அணைத்துவிட்டேன். மழை உள்ளே அடிக்கும் என்று கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றியாயிற்று. காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றுகிற மாதிரி வைக்கிற பட்டனைத் தூசிக்குப் பயந்து எப்போதோ அழுத்தி வைத்தவன், பிறகு அதைத் தொட்டதே இல்லை. ஆக, இப்போது என் வண்டி நாலு சக்கரம் வைத்த ஒரு இட்லிச் சட்டி.

திருப்பத்தூரைத் தாண்டியதும் ஓரங்களில் மூட ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. அதோடு என் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து மூடிக்கொண்டது. இரண்டும் ஒரே நேரத்தில் மூடவே, எனக்குக் கண்தான் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷத்தில் வண்டியை விற்று, மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோயில் வாசலில் உட்காருவது வரைக்கும் போய்விட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபோதுதான் என் கை தெரிந்தது. பார்வை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன்.

"ஏன் தம்பி சிரிக்கிறீக?" என்றார் பாய். அவர் குரலில் பயம் இருந்தது.

சரி, வேதவாக்கு இருக்கிறதே என்று வைப்பரைப் போட்டேன். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏசியை அணைக்கப் போனேன். அதுவும் அணைந்துதான் இருந்தது. வேதம் அத்தோடு தீர்ந்துபோயிற்று.

பாய் களத்தில் இறங்கினார். கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த இடம் கோடு கோடாகி, முன்னைவிட மோசமானது. வழியில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தச் சொல்லி ஷாம்பு வாங்கிக் கிழித்துத் தேய்த்தார். இப்போது மல்லிகைப்பூ மணத்தோடு ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பிள்ளை எட்டி வந்து அதில் பூனை வரைந்தது. நல்ல பூனை. அதனுடைய வயிற்று வழியாகத்தான் கொஞ்ச தூரம் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"அண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே" என்றான் சாகுல். அவன் போனில் மணி பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தான். வெளியே எதுவும் தெரியாதபோதும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை மழையில் நீட்டி ஓட்டினேன். கோழிக்கூண்டிலிருந்து எட்டிப் பார்க்கிற சேவல் மாதிரி. முகத்தில் மழை ஊசியாகக் குத்துகிறது. மிதிக்கவும் மிதித்தேன். பின்னால் இருக்கிற அழுகைதான் என்னை மிதிக்க வைத்தது. தம்பிகளா, இந்த இடத்தை மட்டும் ரெண்டு தரம் படியுங்கள். நம் வேலையில் புத்தி மழுங்குவது இப்படித்தான். வண்டிக்குள் இருப்பவர்களின் அவசரம் மெல்ல நம் காலுக்கு இறங்கிவிடும். கால் அவர்களுடையதாகிவிடும். கண் மட்டும்தான் நம்முடையது, அதையும் அன்றைக்கு மூடிக்கொண்டு ஓட்டினேன்.

தலையை நீட்டியிருந்தால் ரோட்டின் வலது ஓரம்தான் தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இடது பக்கத்தில், சிவப்பு விளக்கு ஒன்றுகூட இல்லாமல், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தலையை உள்ளே இழுத்த நேரத்தில், அந்தப் பூனையின் வயிற்றுக்குள் திடீரென்று மஞ்சளாக ஏதோ வளர்ந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய், கடைசியில் நின்றது. நின்ற இடத்திலிருந்து வைக்கோலை ஒரு பிடி உருவியிருக்கலாம்.

நெய்ச்சோற்றுச் சட்டியை மும்தாஜ் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். பச்சைப்பிள்ளையைப் பிடித்திருப்பது மாதிரி.

இறங்கினேன். பயந்ததைக் காட்டக்கூடாது என்று டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன். நம் தொழிலில் ஒன்றும் புரியாதபோது எல்லாரும் செய்கிற வேலை அது. திரும்ப ஏறி, டிராக்டரைச் சுற்றி வண்டியை மெல்ல ஊரவிட்டு, கீழச்சிவல்பட்டி பஸ் நிறுத்தத்து நிழற்குடைக்கு முன்னால் ஓரங்கட்டி, சாவியை எடுத்துவிட்டேன்.

"என்னண்ணே நிறுத்துறீக?" சாகுல் பதறிவிட்டான். "கவுண்டர மூடிருவாங்கண்ணே!"

"எனக்கு ரோடு தெரியல சாகுல். தெரியாத ரோட்டுல ஓட்டுனா நீ பிளைட்டையும் பாக்க மாட்ட, நான் என் பொண்டாட்டியையும் பாக்க மாட்டேன். எல்லாரும் எறங்குங்க. அஞ்சு நிமிஷம் யோசிக்க விடுங்க."

இதை மட்டும்தான் அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்தேன். யோசனை ஒன்றும் கைவசம் இல்லைதான். இருந்தாலும் நிறுத்தினேன்.

எல்லாரும் நிழற்குடைக்கு ஓடினார்கள். நெய்ச்சோறும் போயிற்று. கதவுகள் விரியத் திறந்து கிடந்தன. நான் டிரைவர் சீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே நிழற்குடைத் தூண் தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த கல்யாண போஸ்டர் தெரிந்தது. மாப்பிள்ளையின் மீசைகூடத் தெரிந்தது. யாரும் துடைக்கவில்லை. கண்ணாடி தானாகவே தெளிந்துவிட்டது.

"பாத்தீகளா!" நிழற்குடையிலிருந்து பாய் கத்தினார். "ஷாம்பு இப்பத்தான் வேலை செய்யுது!"

ஓடி வந்து ஏறினார்கள். கதவை மூடினோம். மாப்பிள்ளையின் மீசை மங்கியது, மாப்பிள்ளையே மங்கினார், பிறகு தூணும் போயிற்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பாய், கண்ணாடிய மூடுறது மழை இல்ல. நாமதான்."

"நாங்க என்ன தம்பி செஞ்சோம்? அக்கடான்னுதான உக்காந்திருக்கோம்?"

"மூச்சு விடுறீகள்ல."

"சரியாப்போச்சு. ஏர்போர்ட்டு வரைக்கும் அதையும் விட வேணாங்கிறீகளா?"

மூச்சு, நனைந்த துணி, குடைத் தண்ணீர், சட்டியின் ஆவி, கண்ணீர் எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு மேகம் கட்டியிருக்கிறது. மழைபட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. துடைத்தால் மேகம் எங்கே போகும்? உள்ளேயேதான் சுற்றும். எனக்குப் பழக்கியவர் சொன்னதும் பொய் இல்லை. அவர் காட்டியது வெளிப்பக்கம் மூடுகிற நாளுக்கான வைத்தியம். இது உள்பக்கம் மூடுகிற நாள். நான் நாள் பார்க்காமல் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

குடைகளையும் நனைந்த துண்டுகளையும் வாங்கி மேலே கேரியரில் தார்ப்பாயோடு கட்டினேன். சட்டி மூடியைத் துணி சுற்றி இறுக்கச் சொன்னேன். அது மட்டும் போதாது என்று எனக்கே தெரிந்தது. உள்ளே இருக்கிற ஈரம் போக வேண்டும். கதவுக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தோம். மழை சாய்வாக அடித்து, சாகுலின் பாஸ்போர்ட் இருந்த பையின் மேல் விழுந்தது. மும்தாஜ் அலறிக்கொண்டு ஏற்றிவிட்டாள்.

"ஏசியப் போட்டா?" என்றான் சாகுல் மெதுவாக. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

யாரும் அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே பார்த்தது மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"நீங்க ஏசியப் போட்டுக்கிட்டுப் போங்க. நான் இங்குட்டு நிண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போறேன்."

"அம்மா, பேசாம ஏறு."

"எனக்காகத்தானடா லீவை நீட்டுன? இப்ப எனக்காகப் பிளைட்டையும் விடப் போறியா? ஏறுடா வண்டியில."

"நீ வரலன்னா நானும் போகல."

சாகுலும் இறங்கிவிட்டான். இரண்டு பேரும் நிழற்குடையில் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். பின்சீட்டில் அழுகை புதுசாகக் கிளம்பியது. பாய் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஏதாச்சும் செய்யுங்க தம்பி. நீங்கதான எல்லாம் தெரிஞ்ச டிரைவரு."

எல்லாம் தெரிந்த டிரைவருக்கு அந்த நேரம் வந்த ஒரே யோசனையைச் சொல்லட்டுமா? ஒரு பஸ் வந்தால் நான் ஏறிப் போய்விடலாம் என்பதுதான். சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்த்தேன்.

பஸ் வரவில்லை. நல்ல வேளை. நிழற்குடைக் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொட்டு. சொட்டு. இந்தச் சொட்டை வேறு எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. வெயில் காலத்தில் ஏசி போட்டு வண்டியை நிறுத்தி வைத்தால் அடியில் இப்படித்தான் சொட்டும். "டிரைவரே, வண்டி ஒழுகுது" என்று பயணிகள் பயப்படுவார்கள். "அது ஏசித் தண்ணி, ஒண்ணுமில்ல" என்று நாம் பெரிய மனுஷன் மாதிரிச் சொல்வோம். நானும் சொல்லிச் சொல்லியே காலம் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டதில்லை. வண்டிக்குள் இருக்கிற காற்றிலிருந்துதானே வர முடியும்? அப்படியென்றால் ஏசி குளிர மட்டும் வைக்கவில்லை. ஈரத்தைக் குடித்து வெளியே துப்பிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வேண்டியது அந்தக் குடி. அந்த அம்மாவுக்கு வேண்டாதது குளிர். இரண்டும் ஒன்று என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஏசிக் குமிழைப் பார்த்தேன். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தச் சிவப்புப் பக்கத்தை நான் தொட்டதில்லை. சிவகங்கைச் சீமையில் காருக்குள் சூட்டுக் காற்று விடுகிறவனைக் கண்டால் வீட்டுக்காரர்கள் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். அது குளிர் ஊர்க்காரர்களுக்காகச் சும்மா வரைந்து வைத்தது என்று நினைத்திருந்தேன்.

"சாகுல், அம்மாவைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு. ஒண்ணு செஞ்சு பாக்குறேன். பலிக்கலன்னா நீங்க சண்டையத் தொடருங்க."

இன்ஜினை ஓடவிட்டேன். காற்று கண்ணாடிப் பக்கம் அடிக்கிற மாதிரி வைத்தேன். எப்போதோ அழுத்தி வைத்த அந்தப் பட்டனை எடுத்துவிட்டு வெளிக்காற்றைத் திறந்தேன். ஏசியைப் போட்டேன். போட்டுவிட்டுக் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பினேன்.

வந்தது பாருங்கள் ஒரு வாடை. பழைய துணியைக் கொளுத்தின மாதிரி.

"வண்டி எரியுது!" என்று கத்திக்கொண்டு முதலில் குதித்தவன் நான். டிரைவர் குதித்தபிறகு பயணிகள் உட்கார்ந்திருப்பார்களா? பிள்ளைகளும் பெண்களும் மழையில் சிதறி ஓடினார்கள். பாய் நெய்ச்சோற்றுச் சட்டியோடு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமே போய்விட்டார். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அந்தக் குழாய் வழியாக ஒருநாளும் சூடு போனதில்லை அல்லவா, வருஷக்கணக்கில் படிந்த தூசி முதல் தடவையாகச் சுட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது. மானம் மட்டும் திரும்பி வர நேரமாயிற்று.

திரும்ப ஏறினோம். கதவை மூடினோம். எல்லாரும் கண்ணாடியையே பார்க்கிறோம். அடியில், நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தெளிச்சல் வந்தது. அது மெல்ல மேலே ஏறி, பக்கவாட்டில் விரிந்து, பூனையின் காலைத் தின்று, வயிற்றைத் தின்று, மீசை வரைக்கும் போயிற்று. பூனை வரைந்த பிள்ளை மட்டும் வருத்தப்பட்டது.

சாகுலின் அம்மா வெளியே நின்றபடியே கையை நீட்டி, காற்று வருகிற இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"வெதுவெதுன்னுல இருக்கு. இது ஏசியா?"

"ஏசிதாம்மா. குளிர் மட்டும் கழிச்சது. முன்னாடி உக்காருங்க. மூச்சுக்கு ஒரு மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க, அந்த எடத்துலயே அணைச்சிருவேன்."

"நான் எங்குட்டு உக்கார்றது?" என்றார் பாய்.

"சட்டிக்குப் பக்கத்துல" என்றாள் மும்தாஜ். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ரோடு தெரிந்தது. மழை மழையாகத் தெரிந்தது. திருமயம் கோட்டைக்குக் கீழே போகும்போது ஆடுகள் ஒதுங்கி நின்றதுகூடத் தெரிந்தது. உள்ளே எல்லாருக்கும் வேர்வை ஆறாக ஓடியது. "நெய்ச்சோத்துக்குப் போட வேண்டிய தம்மை எங்களுக்குப் போட்டுட்டீகளே தம்பி" என்று பின்னாலிருந்து பாய் குரல் வந்தது. சாகுலின் அம்மாவுக்கு இளைப்பு வரவில்லை. புதுக்கோட்டை வரைக்கும் நான் அவரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கடைசியில் அவரே, "என்னையப் பாக்காம ரோட்டப் பாருங்க தம்பி. நான் சொல்லுவேன்" என்றார்.

சாகுல் திரும்பவும் ஆரம்பித்தான். "அண்ணே, இப்பத்தான் தெரியுதுல்ல, நல்லா மிதிங்க."

"எவ்வளவு தூரம் தெரியுதோ, அவ்வளவு தூரத்துக்குள்ள நிக்கிற மாதிரித்தான் மிதிப்பேன். அதுக்கு மேல ஒரு மிதி கெடையாது."

அவனுக்குக் கோபம்தான். போனை எடுத்து மறுபடி மணி பார்த்தான். நான் சொன்னது சரியென்று அந்த நேரத்தில் எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவன் விமானத்தைத் தவறவிட்டிருந்தால், நிழற்குடையில் நிறுத்திய நேரத்தையும் மெதுவாக ஓட்டிய நேரத்தையும் சேர்த்து அந்தக் குடும்பம் என் தலையில்தான் வைத்திருக்கும். வைக்கட்டும் என்றுதான் ஓட்டினேன். தம்பிகளா, சரியான முடிவு எடுத்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் கூடவே உட்கார்ந்துதான் வரும். வரட்டும். அது காலுக்கு இறங்காமல் இருந்தால் போதும்.

ஏர்போர்ட் வாசலில் நிறுத்தியபோது சாவகாசமாக வழியனுப்ப நேரமில்லை. வீட்டில் அழுததே போதும் என்று ஆகிவிட்டது. அம்மா அவன் தலையில் கை வைத்து உதட்டுக்குள் ஓதினார். மும்தாஜ் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். கவுண்டர் திறந்திருக்கிறதா, மூடிவிட்டார்களா, எங்களுக்குத் தெரியாது. உள்ளே போனவன் போனை எடுக்கவில்லை.

பார்க்கிங்கில் போய்க் காத்திருந்தோம். மழை விடவில்லை, அதனால் யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. சட்டியைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் வைத்தார்கள். எனக்கும் வைத்தார்கள். எல்லாரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம். பாய் மட்டும் இரண்டாம் தடவை வாங்கினார். வாங்கிவிட்டு, "கவலையில எனக்குப் பசிக்கும்" என்றார். அடிக்கடி யாராவது, "திரும்பக் கூப்பிட்டுப் பாப்பமா?" என்பார்கள். "வேணாம், அவன் வரிசையில நிப்பான்" என்பார் அம்மா. அவன் திரும்பி வந்துவிடுவானோ என்று, பெட்டியோடு வெளியே வருகிற ஒவ்வொருத்தரையும் நான் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குமிழ் சிவப்பிலேயே இருந்தது.

மும்தாஜின் போன் ஒரு முறை அதிர்ந்து நின்றது. எடுத்துப் பார்த்தாள். படித்தாள். போனை அப்படியே மாமியாரிடம் நீட்டினாள். அந்த அம்மாவுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். பாய் எட்டி வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"உக்காந்துட்டேன். ஜன்னல் சீட்டு."

அவ்வளவுதான். வண்டிக்குள் ஒரே நேரத்தில் எல்லாரும் அழுதார்கள். காலையிலிருந்து அழுத அழுகை இல்லை இது. சிரித்துக்கொண்டே அழுதார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்துகொண்டன.

பாய் அலறினார். "ஏய், அழாதீக, அழாதீக! கண்ணாடி மூடிக்கிரும்!"

"மூடட்டும்டா" என்றார் சாகுலின் அம்மா. "இப்ப எங்குட்டு ஓடப் போறோம்?"

நான் இன்ஜினை அணைத்தேன். ஏசியும் நின்றது. ஓரங்களிலிருந்து மெல்ல வெள்ளை கட்டியது. வெளியே நடந்தவர்கள் மறைந்தார்கள், விளக்குகள் மறைந்தன, கடைசியில் நாங்கள் மட்டும் உள்ளே இருந்தோம்.

"தம்பி, நீங்க எதுக்கு அழுகுறீக?" என்றார் பாய்.

"அது வேர்வை பாய். வண்டிய ரொம்ப சூடு பண்ணிட்டேன்."

துணி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. நான் எடுக்கவில்லை.